பாதிக் கதையை வாசகரிடம் விட்டுவிடுங்கள்

நான் முதன்முதலாக எழுதிய கதையை ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். பன்னிரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "கடைசிப் பக்கத்துல பெரிய திருப்பம் இருக்கு, படிங்க" என்றேன். "அது சரி, அதுவரைக்கும் நான் எதுக்காகப் படிக்கணும்?" என்று கேட்டார். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் திருப்பத்தைக் காப்பாற்றுவதற்காக, கதையில் வருபவன் யார், எங்கே போகிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் பதினொரு பக்கத்துக்குப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மறைத்தால் ஆர்வம் வரும் என்று நினைத்தேன். வந்தது கொட்டாவி.

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுவார்கள். ஒன்று, நான் செய்ததுபோல எல்லாவற்றையும் மூடி வைப்பது. இன்னொன்று அதற்கு நேர் எதிர்: கதாபாத்திரம் என்ன உணர்கிறது, ஏன் அப்படி உணர்கிறது, அதைப் படித்து நாம் என்ன உணர வேண்டும் என்பது வரைக்கும் எழுத்தாளரே விளக்கிவிடுவது. முதல் பள்ளத்தில் ஆர்வம் செத்துப்போகும், இரண்டாவதில் உணர்ச்சி. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்பது எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. பாதியைச் சொல்ல வேண்டும், எந்தப் பாதி என்று யோசித்துச் சொல்ல வேண்டும், மீதியை வாசகரே போட்டு நிரப்பிக்கொள்ளும்படி இடம் விட வேண்டும்.

முதலில் ஆர்வத்தை எடுத்துக்கொள்வோம். சின்ன வயதில் ஒரு விடுகதை கேட்டிருப்பீர்கள்: அடிக்காமல் திட்டாமல் அழவைப்பாள், அவள் யார்? விடை வெங்காயம். இந்த ஒரு வரிக்குள் எவ்வளவு சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அழவைப்பாள் என்று சொல்லியாகிவிட்டது, அடிக்கமாட்டாள், திட்டவும் மாட்டாள் என்றும் சொல்லியாகிவிட்டது. மறைத்திருப்பது பெயரை மட்டும்தான். போதாததற்கு, சொன்ன விஷயங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன; அடிக்காமல், திட்டாமல் ஒருத்தி எப்படி அழவைக்க முடியும்? அந்த முட்டல்தான் கொக்கி. இதையே "ஒரு பொருள் இருக்கிறது, அது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தக் குழந்தையும் திரும்பிக்கூடப் பார்க்காது. முழுதாக மறைத்த விஷயத்தைப் பற்றி யாருக்கும் ஆர்வம் வராது.

அமெரிக்காவில் பொருளாதாரமும் உளவியலும் சேரும் இடத்தில் ஆய்வு செய்யும் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார்: நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள நினைப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. இதில் நமக்கு வேண்டியது "தெரிந்தது" என்ற பாதி. முதலில் எதையாவது தெரியவைத்தால்தான் அங்கே இடைவெளி என்று ஒன்று உண்டாகும். ஒன்றுமே தெரியாத இடத்தில் இருப்பது வெறும் வெட்டவெளி.

பேசிக்கொண்டே போவதைவிட ஒரு கதையை எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஓர் அம்மா. இறந்துபோன மகனின் செல்போன் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள். கரு இவ்வளவுதான். இதை என் பழைய பாணியில், அதாவது எல்லாவற்றையும் மூடி வைத்து எழுதினால் இப்படி வரும்:

"அவள் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். யாருக்கும் தெரியாத அந்த ரகசியமும் அவளோடு நுழைந்தது. மாதாமாதம் செய்யும் அந்தக் காரியத்தை இந்த மாதமும் செய்துமுடித்தாள்."

எந்தக் கடை, என்ன ரகசியம், என்ன காரியம்? எழுதுபவருக்கு இது மர்மமாகத் தெரியும், ஏனென்றால் அவருக்கு விடை தெரியும். படிப்பவருக்கு அது வெறும் மங்கல். "அந்த", "அது", "ஏதோ ஒன்று" என்று ஒரு பத்தியில் நாலு தடவை வந்தால் நீங்கள் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனி அடுத்த பள்ளம்:

"இரண்டு வருடங்களுக்கு முன் விபத்தில் இறந்துபோன தன் ஒரே மகனின் எண் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் அந்தத் தாயின் இதயம் சுக்குநூறாக நொறுங்கியது. கண்கள் குளமாயின."

இதில் தமிழில் எளிதாக விழக்கூடிய ஒரு பொறி இருக்கிறது. நம் மொழியில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடைமொழியை அடுக்கலாம். இறந்துபோன, விட்டுப்போன, செய்யும், செய்யாத என்று ஒருவரின் முழு வாழ்க்கையையும் பெயரெச்சங்களிலேயே சொல்லி முடித்துவிடலாம், இலக்கணமும் அதைத் தடுக்காது. விளைவு என்னவென்றால், "தாய்" என்ற சொல் வந்து சேர்வதற்குள் கதை முடிந்துபோயிருக்கும். அவள் இனி மேடையில் வந்து செய்வதற்கு மிச்சம் இருப்பது அழுவது ஒன்றுதான், அதனால் அழுகிறாள். உங்கள் வரைவில் ஒரு பாத்திரம் முதன்முதலாக வரும் வாக்கியத்தைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் மூன்று எச்சங்கள் நின்றுகொண்டிருந்தால், அவற்றில் இரண்டையாவது பிடுங்கிக் கதையின் வேறு இடத்தில் காட்சியாக நடலாம்.

சரி, பாதி சொன்னால் எப்படி இருக்கும்?

கடைக்காரப் பையன் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.
"போன மாசமும் இதே நம்பருக்குத்தானே போட்டீங்க? உங்க நம்பரா?"
"இல்லப்பா. பையனோடது."
"அவரே ஆன்லைன்ல போட்டுக்கலாமேம்மா. எதுக்கு இந்த வெயில்ல நடந்து வர்றீங்க?"
"அவனுக்கு அதுக்கெல்லாம் நேரம் இருக்காது."
பையன் சில்லறையை எண்ணிக் கொடுத்தான். "மெசேஜ் வந்திருச்சான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."
அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு போன்கள் இருந்தன. மூலையில் கீறல் விழுந்திருந்த போனின் திரை ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது.
"வந்திருச்சு" என்றாள்.

இங்கே மறைத்தது ரொம்பக் குறைவு. இடம் தெரிகிறது, யார் யார் என்று தெரிகிறது, என்ன வேலை நடக்கிறது என்பதும் தெரிகிறது. இறந்துவிட்டான் என்ற ஒரு சொல்தான் இல்லை. ஆனால் மகனுடைய போன் அம்மாவின் கைப்பையில் ஏன் இருக்கிறது என்று வாசகர் ஒரு நொடி நிற்பார், அந்த ஒரு நொடிக்காகத்தான் மொத்தக் காட்சியும். அதற்குப் பிறகு அவரே பின்னால் போய், "நேரம் இருக்காது" என்ற வரியை இன்னொரு தடவை படிப்பார். முதல் தடவை அலுப்பாகக் கேட்ட வரி இரண்டாம் தடவை வேறு மாதிரி கேட்கும். நீங்கள் சொல்லி அவர் தெரிந்துகொண்டால் அது தகவல். அவரே கண்டுபிடித்தால் அந்தத் துக்கத்தில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

கீறலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அதை முதலில் "பழைய போன்" என்றுதான் எழுதினேன். பழைய போன் என்றால் எல்லோருடைய வீட்டிலும் ஒன்று கிடக்கும். மூலையில் கீறல் என்றால் அது எங்கேயோ விழுந்திருக்கிறது. எங்கே, எப்போது என்று நான் சொல்லவில்லை. ஒரு காட்சிக்கு இந்த மாதிரி ஒரு விவரம் போதும்; நாலைந்து வைத்தால் வாசகர் துப்பறியத் தொடங்கிவிடுவார், அப்புறம் அவர் அழமாட்டார்.

இப்போது ஒரு கேள்வி வரும். விஷயம் வாசகருக்குத் தெரிந்துபோய்விட்டதே, இனி எதற்காகப் படிப்பார்? கடைசிவரை மறைத்துவைத்து ஒரே அடியாக அடித்தால்தானே நல்லது? பெரும்பாலான புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான், என்னையும் சேர்த்து. பதற வைக்கும் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் சக இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது, யாருக்கும் தெரியாது, திடீரென்று வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டை ஒருவர் வைப்பதைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால், அதே உப்புச்சப்பில்லாத பேச்சு 15 நிமிடத்துக்கு அவரைப் பதற வைக்கும். எழுந்து போங்களேன் என்று கத்தத் தோன்றும்.

ரீசார்ஜ் கடையில் நடப்பதும் இதுதான், குண்டுதான் இல்லை. உண்மை வாசகருக்குத் தெரியும், கடைக்காரப் பையனுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவன் நல்லெண்ணத்தோடு "உங்க பையன் எந்த ஊர்ல இருக்காரும்மா?" என்று கேட்டால் போதும், வாசகருக்குச் சுருக்கென்று இருக்கும். யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை, ஒரு பையன் அன்பாக விசாரிக்கிறான், அவ்வளவுதான். இந்தக் கதையில் நான் மறைத்துவைத்திருக்கும் கேள்வி வேறு: அவள் ஏன் இதைச் செய்கிறாள்? நினைவுக்காக என்றால் ஒரு புகைப்படம் போதுமே.

அதற்கான பதிலை நடுப்பகுதி வரைக்கும் தள்ளிவைத்தேன். இரவு சாப்பிட்டு முடித்ததும், சார்ஜில் போட்டிருக்கும் அந்தக் கீறல் போனுக்குத் தன் போனிலிருந்து அடிக்கிறாள். மேசைமேல் அது அதிர்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை, தன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மகன் வைத்துவிட்டுப் போன காலர் டியூன் கேட்கிறது, அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு கூச்சல் பாட்டு, "இதை மாத்துடா" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். முழுவதும் கேட்டுவிட்டு வைக்கிறாள். ஆர்வத்துக்கு விடை கிடைக்கும் இடமும் மனசு கனக்கும் இடமும் ஒரே இடமாக அமைந்துவிட்டால் அதைவிட வேறு என்ன வேண்டும்? எல்லாக் கதையிலும் அப்படி அமையாது, ஆனால் அமையுமா என்று தேடிப் பார்க்கலாம்.

உணர்ச்சிக்கு வருவோம். கதாபாத்திரம் அழுதால் வாசகரும் அழுவார் என்பது பெரிய தப்புக் கணக்கு. ஒருவருக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிந்து, அது கிடைக்குமா என்ற சந்தேகமும் இருக்கும்போதுதான் நாம் அவர் பக்கம் சாய்கிறோம். அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒரு நிமிடம்கூட நீளாத ஒரு கூச்சல் பாட்டு. ரொம்பச் சின்ன ஆசை. ஆனால் ரீசார்ஜ் நின்றுபோய், எண் கொஞ்ச காலம் சும்மா கிடந்தால் நிறுவனம் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பது செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இப்போது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அவள் படுத்திருக்கும் நாட்களை வாசகர் எண்ண ஆரம்பித்துவிடுவார். "என்ன ஆகுமோ" என்று நான் எங்கேயும் எழுத வேண்டியதில்லை.

ரஷ்யச் சிறுகதையாசிரியர் செகாவ் 1892-இல், தன்னிடம் ஆலோசனை கேட்ட ஓர் எழுத்தாளருக்கு எழுதிய கடிதங்களில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: பாவப்பட்டவர்களைப் பற்றி எழுதி வாசகருக்கு இரக்கம் வரவேண்டும் என்றால், எழுதும் நீங்கள் கொஞ்சம் குளிர்ந்துபோய் எழுத வேண்டும், கதையை நினைத்து அழுவதென்றால் அழுங்கள், ஆனால் அது வாசகருக்குத் தெரியக் கூடாது. குளிர்ச்சி என்றால் உணர்ச்சியே இல்லாமல் எழுதுவது என்று சிலர் எடுத்துக்கொண்டு, பஞ்சாயத்துத் தீர்மானம் மாதிரி எழுதிவைப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. பாத்திரம் சூடாக இருக்கலாம், சொல்பவர் பதறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் தொல்காப்பியம் ஒரு நல்ல கைக்கருவி என்று சொன்னால் சிலர் ஓடிவிடுவார்கள், ஆனால் உண்மை. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அதோடு விடாமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறது. அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் சிறுமைப்படுவது, இழப்பது, இருந்த நல்ல நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. நாம் எழுதும் சோகக் கதைகளை இதில் வைத்துப் பார்த்தால் பத்தில் எட்டு இழவிலேயே நிற்கும். யாராவது சாகவேண்டும், இல்லாவிட்டால் நமக்குச் சோகம் எழுத வராது. இளிவு எவ்வளவு கூர்மையானது என்று யோசித்துப் பாருங்கள். கடையில் வரிசையில் நிற்கும் இன்னொருவர், "யாரும் எடுக்காத நம்பருக்கு எதுக்கும்மா காசு அழுறீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவள் பதில் சொல்லாமல் சில்லறையை மறுபடி எண்ணுகிறாள். மகன் இறந்ததைவிட இந்த இடம் வாசகரை அதிகம் உலுக்கக்கூடும். மரணம் கதைக்கு முன்பே நடந்துவிட்டது, இது இப்போது கண் முன்னால் நடக்கிறது.

உடம்பில் தெரிய வேண்டும் என்றவுடன் இதயம் படபடத்தது, கை நடுங்கியது, தொண்டை அடைத்தது என்று கிளம்பிவிடக் கூடாது. அவை தேய்ந்துபோன நாணயங்கள். யாருடைய இதயமும் படபடக்கும். எண்ணிய சில்லறையைத் திரும்ப எண்ணுவது அந்தப் பெண்மணிக்கு மட்டும், அந்த நிமிடத்துக்கு மட்டும் உரியது.

அப்புறம், ஆர்வத்தின் பெயரால் நடக்கும் சில மோசடிகள். அத்தியாய முடிவில் கதவு தட்டப்படும், திறந்தவள் உறைந்துபோவாள், தொடரும். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் தபால்காரர். ஒருமுறை செய்தால் வாசகர் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார், இரண்டாம் முறை உங்கள் கதவு தட்டப்படும்போது அவர் எழுந்து வரமாட்டார். இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று. கதை முழுக்க ஒருவனுடைய மனசுக்குள்ளேயே நடக்கும், அவன் நினைப்பதெல்லாம் நமக்குத் தெரியும், சரியாகத் திட்டம் தீட்டும் இடத்தில் மட்டும் "அவன் மனதில் ஒரு திட்டம் உருவானது, மெல்லப் புன்னகைத்தான்" என்று திரை விழும். யாருடைய கண் வழியாகக் கதையைச் சொல்கிறீர்களோ, அவருக்குத் தெரிந்ததை வாசகருக்குத் தராமல் வைத்துக்கொள்ள நியாயமான காரணம் வேண்டும். அவர் அதை நினைக்கவே பயப்படுகிறார் என்பது ஒரு காரணம். எழுத்தாளருக்கு வசதி என்பது காரணம் ஆகாது. முடியாவிட்டால் கண்ணை மாற்றுங்கள். ரீசார்ஜ் காட்சியை நான் அம்மாவின் மனசுக்குள் போகாமல் வெளியிலிருந்து எழுதியது அதனால்தான்; உள்ளே போயிருந்தால் அவள் மகனை நினைக்காமல் இருக்கிறாள் என்று நான் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு முதல் வரைவை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி நகராது. முதல் வரைவில் எல்லாவற்றையும் கொட்டுங்கள், இதயம் நொறுங்கட்டும், கண்கள் குளமாகட்டும், மூன்று எச்சங்கள் வரிசையில் நிற்கட்டும். அது நீங்கள் உங்களுக்கே கதை சொல்லிக்கொள்ளும் நேரம். நாலைந்து நாள் கழித்து எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இந்த இடத்தில் வாசகர் எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்? ஒரு பக்கத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ஒன்று அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள், அல்லது ஒன்றுமே சொல்லவில்லை. பெரிய கேள்வி ஒன்று கதை முழுக்க ஓடலாம், ஆனால் அதன் மடியில் சின்னச் சின்னக் கேள்விகள் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்று மூடுவதற்குள் அடுத்தது பாதி திறந்திருந்தால் நல்லது. என் பன்னிரண்டு பக்கக் கதையில் ஒரே ஒரு பூட்டு இருந்தது, சாவி கடைசிப் பக்கத்தில் இருந்தது, நடுவில் நடப்பதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ரீசார்ஜ் கதையை அதே நண்பரிடம் கொடுத்தபோது கூடவே ஒரு பென்சிலையும் கொடுத்தேன். போனை எடுக்கலாம் என்று எங்கே தோன்றுகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்று கோடுகள் வந்தன. இரண்டு, நான் மிகவும் ரசித்து எழுதிய வர்ணனைகளுக்குப் பக்கத்தில். மூன்றாவது கடைசி வரியில், கோடுகூட இல்லை, முழுவதுமாக அடித்தே விட்டிருந்தார். "தாய்ப்பாசத்தின் முன்னால் மரணமும் தோற்றுப்போனது" என்று எழுதியிருந்தேன். எனக்குக் கொஞ்சம் வலித்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பென்சிலைத் திருப்பித் தரும்போது கேட்டார், "அந்தக் கடைப் பையனுக்கு விஷயம் எப்பவாவது தெரியவருமா?" அவனைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.